பேரப்பிள்ளைகளோடு பத்து நாள் சாலைப் பயணம்: கேரவன் எடுக்கலாமா?

கேள்வி இதுதான்: "பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். எனக்கு 63 வயது, வீட்டுக்காரருக்கு 68. அவருக்குச் சர்க்கரை, எனக்கு முழங்கால் வலி. டெக்சாஸில் இருக்கும் மகன் ஜூன் மாதம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு வாரத்தில் திரும்பிப் போகிறான். பேரனுக்கு 9, பேத்திக்கு 6. போன வருடம் அங்கே ஆர்.வி. என்னும் வீடு மாதிரியான வண்டியில் ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். 'ஆயா, உங்க ஊர்ல அந்த வண்டி இல்லையா?' என்று போனில் ஒரே நச்சரிப்பு. இங்கே கேரவன் வாடகைக்கு எடுத்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கன்னியாகுமரி வரை பத்து நாள் போய்வர முடியுமா?"

போகலாம் அம்மா, தாராளமாகப் போகலாம். கேரவனை மட்டும் விட்டுவிடுங்கள். 'நாங்கள் இரண்டு பேர் மட்டும்' என்பதையும் விட்டுவிடுங்கள். ராயபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டியும் ஓட்டவைத்தும் பிழைத்தவன் நான். இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான். எனக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு என்பதால் இரண்டு பக்கமும் தெரிந்துதான் சொல்கிறேன்.

முதலில் கேரவன். அமெரிக்காவில் அந்த வண்டி சுகமாக இருப்பதற்குக் காரணம், இரவில் அது போய் நிற்கும் இடம். அங்கே அதற்கென்றே முகாம்கள் இருக்கின்றன. வண்டியை நிறுத்தியதும் கரண்டுக்கு ஒரு ஒயர், தண்ணீருக்கு ஒரு குழாய், கழிவுக்கு ஒரு குழாய் என்று மாட்டிவிடலாம். முகாமில் அந்த வசதி இல்லையென்றால் வழியில் கழிவுத் தொட்டியைக் காலி செய்யத் தனி இடம் இருக்கும். நம் பக்கம் சிதம்பரத்திலோ திருச்செந்தூரிலோ அப்படி எங்கே போய் நிற்பீர்கள்? லாட்ஜ் வாசலிலும் பெட்ரோல் பங்கிலும்தான். ஏசி ஓட ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓட வேண்டும். கழிவறைத் தொட்டி நிரம்பினால் அதைக் காலி செய்ய இடம் தேடி அலைய வேண்டும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. வண்டிகளோடு சேர்த்து அவை நிற்பதற்கான பூங்காக்களும் வேண்டும் என்று அதில் திட்டமிட்டார்கள். காரணம் இதுதான். நம் ஊரில் கேரவன் என்றால் பெரும்பாலும் ஷூட்டிங்குக்குப் போகிற வண்டி. அதில் உட்கார்ந்து ஒப்பனை போடலாம், ஓய்வெடுக்கலாம். குடும்பத்தோடு பத்து நாள் ஊர் சுற்ற அது தோதாக வராது.

பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ஆர்.வி.யில் என்ன பிடித்தது என்று. தனக்கென்று ஒரு மூலை, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது, நினைத்த இடத்தில் நிறுத்தியது என்றுதான் சொல்வார்கள். இது மூன்றையும் ஒரு 12 சீட் டெம்போ டிராவலரில் கொடுத்துவிடலாம். ஐந்து பேருக்கு இன்னோவாவே போதும் என்பார்கள். பத்து நாள் மூட்டையும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்போது அது நெருக்கடி. டிராவலரில் ஆளுக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும், பின்வரிசை முழுக்க சாமானுக்கு. ஒரே குறை, படி உயரம். உங்கள் முழங்காலுக்கு ஒரு கெட்டியான பிளாஸ்டிக் முக்காலியை வாங்கி வண்டியிலேயே போட்டுவிடுங்கள். இறங்கும்போதெல்லாம் டிரைவர் எடுத்துப் போடுவார். கேட்கச் சிறிய விஷயம்தான். ஆனால் அது இல்லாமல் மூன்றாம் நாளே "நான் வண்டியிலேயே இருக்கேன், நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று சொன்ன பாட்டிமார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, மூன்றாவது பெரிய ஆள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேத்தியைக் கழிவறைக்குக் கூட்டிப்போக நீங்கள் போகிறீர்கள். பேரன் அந்தப் பக்கம் ரோட்டைத் தாண்டி ஓடுகிறான். ஐயாவால் பின்னால் ஓட முடியுமா? அவருக்கே சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால் பிள்ளைகளை யார் பார்ப்பது? டிரைவர் ஓட்டத்தான் வருகிறார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு அல்ல. முப்பது நாற்பது வயதில், ஓடியாடக்கூடிய ஒருவர் வேண்டும். அத்தை, சித்தி, மாமன், கல்லூரி முடித்த அண்ணன் மகள், யாராக இருந்தாலும் சரி. பிள்ளைகளுக்கு அவரை முன்பே தெரிந்திருக்க வேண்டும், அது முக்கியம். யாரும் கிடைக்கவில்லை என்றால் பத்து நாளை நான்காகக் குறைத்து, சிதம்பரம் தஞ்சாவூரோடு திரும்பிவிடுங்கள்.

வண்டி பேசும்போது கவனியுங்கள். மஞ்சள் நம்பர் பிளேட் வண்டியாக இருக்க வேண்டும். தெரிந்தவருடைய வண்டி, மலிவு என்று வெள்ளைப் பலகை வண்டியில் காசு கொடுத்துப் போகாதீர்கள். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டி எண்ணை வாங்கி, எம்பரிவாகன் என்னும் அரசு ஆப்பில் எஃப்சி என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று வீட்டுப் பையன் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் புதுச்சேரி வழியாகத்தான் போவீர்கள். புதுச்சேரிக்குள் நுழைகிற பர்மிட் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

வாடகைக் கணக்கு உங்கள் பயணத்துக்குக் கொஞ்சம் இடக்கானது. பொதுவாகக் கிலோமீட்டருக்கு இவ்வளவு, நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று பேசுவார்கள். அந்தக் கணக்கில் பத்து நாளைக்கு 2,500 கிலோமீட்டருக்குக் காசு. நான் சொல்லப்போகிற வழியில் போய்வந்தால், உள்ளூர்ச் சுற்றலையும் சேர்த்து ஏறக்குறைய 1,900தான் ஓடும். ஓடாத தூரத்துக்குக் கொடுக்கிறோமே என்று ஆத்திரப்பட்டு, நம் ஆட்கள் வழியில் இருக்கிற கோயிலையெல்லாம் பட்டியலில் சேர்த்துப் பிள்ளைகளைப் பிழிந்துவிடுவார்கள். அதற்குப் பதில், நாள் வாடகை தனி, டீசல் நாமே போடுவது என்று பேசுங்கள். டிராவலர் ஏசி போட்டு ஓடினால் லிட்டருக்கு 10 கிலோமீட்டருக்கு முன்பின் கொடுக்கும். ஒரே ஊரில் இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரியான மெதுவான பயணத்துக்கு இந்தக் கணக்குதான் கட்டுப்படியாகும். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எதில் அடங்கும் என்பதை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஷெட்டிலிருந்து ஷெட் வரை கணக்கா, உங்கள் வீட்டிலிருந்தா என்பதையும் கேளுங்கள்.

சீட் பெல்ட் விஷயத்தில் கறாராக இருங்கள். பழைய டிராவலர்களில் பின் சீட்டுக்கு பெல்ட் இருக்காது, இருந்தாலும் மெத்தைக்கு அடியில் போயிருக்கும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. அங்கே பெல்ட் போட்டே வளர்ந்த பிள்ளைகள், இங்கே வந்ததும் நாம்தான் "பரவாயில்லடா" என்று கெடுக்கிறோம். நடுவில் மெத்தை விரித்துத் தூங்கவைப்பது இன்னும் மோசம். மாடு குறுக்கே வந்து சடன் பிரேக் போட்டால் தூங்குகிற பிள்ளை டிரைவர் சீட்டின் பின்னால் போய் மோதும்.

இப்போது கிளம்பும் நேரம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். ராத்திரி சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்து, "விடியறதுக்குள்ள போயிடலாம்" என்று கிளம்புவது. இதை ஒரு போதும் செய்யாதீர்கள். ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து மணி வரை எவ்வளவு தேர்ந்த டிரைவருக்கும் கண் சொக்கும். காலை ஐந்துக்குக் கிளம்புங்கள். முந்தின ராத்திரி டிரைவர் வேறு டிரிப் முடித்து வந்தாரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளைக்கு 8 மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாய ஓய்வு என்று வரம்பு போட்டது. சுற்றுலா வண்டிகளில் அதை யார் பார்க்கிறார்கள்? நீங்கள்தான் பார்க்க வேண்டும். போகிற ஊரிலெல்லாம் டிரைவருக்குப் படுக்க இடம் உள்ள விடுதியாக எடுங்கள். ஜூன் மாதப் புழுக்கத்தில் கொசுக்கடியோடு வண்டிக்குள் படுத்தவர் மறுநாள் உங்கள் பேரப்பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போகிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவுக்குள் டிராவலர் வந்து திரும்புவது கஷ்டம். டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், நிறுத்தச் சொல்லி, பெரிய பெட்டிகளை முந்தின சாயங்காலமே கட்டி வையுங்கள். ஐந்துக்குக் கிளம்பினால் ராஜாஜி சாலை, மெரினா வழியாக ஆறு மணிக்குள் திருவான்மியூரைத் தாண்டிவிடலாம். ஏழு மணி ஆனால் துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் லாரி, அப்புறம் அடையாறு என்று நகரத்தை விட்டு வெளியேறவே பாதித் தெம்பு போய்விடும். ஈசிஆர் வேண்டாம், தாம்பரம் வழியாகப் போகிற ஜிஎஸ்டி ரோடுதான் என்றால் மாதவரம் போய் பைபாஸ் பிடித்துப் பெருங்களத்தூரில் இறங்குங்கள்.

வழியைப் பொறுத்தவரை என் கணக்கு ஒன்றுதான். காலையில் மட்டும் ஓட்டம், பகல் சாப்பாட்டுக்குள் அறை. மதியம் பிள்ளைகளும் நீங்களும் தூங்க வேண்டும். கோயில்களும் அந்த நேரத்தில் நடை சாத்தித்தான் இருக்கும். சாயங்காலம் ஒரே ஒரு இடம். முதல் நாள் சிதம்பரம், 225 கிலோமீட்டர் அளவில். இரண்டு ராத்திரி தங்கி, மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் பிச்சாவரம் சதுப்புக்காட்டில் படகு. அடுத்து தஞ்சாவூர், நூற்றுச் சொச்சம்தான். இடையில் தாராசுரத்தில் இறங்கினால் தேர் மாதிரி செதுக்கிய மண்டபத்தைப் பேத்தி சுற்றிச் சுற்றி வருவாள். 1010இல் கட்டி முடித்த பெரிய கோயிலை மாலையில் காட்டுங்கள். பகலில் கல் தரை காலைச் சுட்டுவிடும். பிறகு திருமயம் கோட்டை, காரைக்குடி வழியாக ராமேஸ்வரம்.

ராமேஸ்வரத்தில் பாம்பனுக்கு நேரம் ஒதுக்குங்கள். 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் போகும்போதே பக்கத்தில் ரயில் பாலம் தெரியும். 1914இல் திறந்த பழையதற்குப் பதிலாக ஏப்ரல் 2025இல் திறந்த புதியது. பழையது கப்பலுக்காக இரண்டு கை மாதிரி திறக்கும்படி கட்டியது. புதியதில் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். ஒன்பது வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைக் காலையிலேயே பாருங்கள். ஜூன், ஜூலையில் அங்கே காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். அரிச்சல்முனையில் காலை நனைக்கவும் விடாதீர்கள், இழுப்பு அதிகம்.

திருச்செந்தூரில் ஒரு ராத்திரி, கன்னியாகுமரியில் ஒரு ராத்திரி போதும். கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்திவிடுவார்கள். அதனால் 'திருவள்ளுவர் சிலைக்குப் போறோம்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். 133 அடிச் சிலை, கரையிலிருந்தே தெரியும். அங்கிருந்து திருநெல்வேலிப் பக்கம் வரும்போது முப்பந்தல் காற்றாலைகள் அந்த மாதத்தில் முழு வேகத்தில் சுற்றும். பிள்ளைகள் எண்ண ஆரம்பித்து விட்டுவிடுவார்கள். கடைசியாகக் குற்றாலம். ஜூனில் சாரல் தொடங்கினால் அதிர்ஷ்டம். புலியருவி சிறுபிள்ளைகளுக்குத் தோது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துப்போகப்பட்டு இறந்தான். அதனால் போலீஸ்காரர் விசில் ஊதினால் கேள்வி கேட்காமல் ஏறிவிடுங்கள்.

குற்றாலத்திலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். அதை வேனில் வராதீர்கள். செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசியில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. டிரைவர் காலி வண்டியோடு வந்துவிடுவார். திரும்பும் டீசலை எப்படியும் நீங்கள்தான் கொடுக்கப்போகிறீர்கள், அதற்காக உடம்பையும் கொடுக்க வேண்டாமே. பயணத்துக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும். ஐந்து வயது முடிந்த பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமானால் முழு டிக்கெட். பேத்திக்கும் எடுத்துவிடுங்கள்.

வண்டிக்குள் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பயண வாந்தி இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள்தான் அதிகம். கண் போனையே பார்த்துக்கொண்டிருக்கும். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வண்டி ஆடுவதைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டும். அதனால் ஓடும்போது போனும் டேப்லெட்டும் வேண்டாம், நிற்கும்போது கொடுங்கள். பின்வரிசை தூக்கிப் போடும். பிள்ளைகள் டிரைவருக்குப் பின்னால் முதல் இரண்டு வரிசையில் இருக்கட்டும். காலையில் பால் வேண்டாம், பொடி தடவிய இட்லி இரண்டு போதும். மாத்திரை, சிரப் எதுவும் குழந்தை டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் பீச் ஸ்டேஷன் பக்கம் கூட்டிப்போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கித் தராதீர்கள். ஊருக்கு வந்த பிள்ளைகளுக்கு அதைக் காட்டாமல் இருக்க முடியாதுதான், திரும்பி வந்தபிறகு காட்டுங்கள்.

போன் இல்லாமல் என்ன செய்வார்கள் என்றால், நம்பர் பிளேட் விளையாட்டைச் சொல்லிக் கொடுங்கள். நம் தண்டையார்பேட்டை டிஎன் 03. கடலூர் 31, தஞ்சாவூர் 49, ராமநாதபுரம் 65, தூத்துக்குடி 69, நாகர்கோவில் 74, தென்காசி 76. புதுச்சேரியில் பிஒய் என்று மாறும். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால், 49 கூடக் கூடத் தஞ்சாவூர் நெருங்குகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பேருந்துப் பலகையில் ஊர்ப் பெயரைத் தமிழில் படித்தால் ஒரு மதிப்பெண் என்று வையுங்கள். அப்பன் டெக்சாஸில் வருடம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாத எழுத்து இதில் ஏறும்.

வண்டியில் 20 லிட்டர் தண்ணீர் கேனும் கையால் அழுத்துகிற பம்பும் இருக்கட்டும். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஒரு மக், பழைய துண்டு, வாந்திக்குப் பிளாஸ்டிக் கவர். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தம். பிள்ளைகளை விட நமக்குத்தான் அது தேவை, கால் வீங்காமல் இருக்கவும். கழிவறைக்குப் பெரிய பெட்ரோல் பங்குகளும் டோல்கேட்டும் நல்லது. ஐயா இன்சுலின் போடுபவர் என்றால் அதை டேஷ்போர்டில் வைக்காதீர்கள், குளிர்ப்பை வேண்டும். ஆர்.வி. மாதிரி வண்டியிலேயே சமைக்கலாம் என்று சின்ன கேஸ் சிலிண்டர் ஏற்றுவதும் வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், கள்ளத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் போனார்கள். முதல் நாளைக்குக் கட்டுச்சோறு, அப்புறம் சூடாக இருக்கும் ஓட்டல் சாப்பாடு, அவ்வளவுதான். எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திய வண்டிக்குள் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள், ஐந்து நிமிடம்கூட.

மகனிடம் மூன்று காகிதம் வாங்குங்கள். பிள்ளைகளை உங்களோடு அனுப்பவும் அவசர சிகிச்சைக்குச் சம்மதிக்கவும் கையெழுத்திட்ட கடிதம், பாஸ்போர்ட் விசா நகல், ஒவ்வாமையும் மருந்தும் எழுதிய சீட்டு. பிள்ளைகளுக்கு வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் பதிய வேண்டும். சின்ன லாட்ஜ்கள் அந்தத் தொல்லைக்குப் பயந்து அறை இல்லை என்பார்கள், அதனால் போனில் முன்பே சொல்லிப் பதிவு செய்யுங்கள். கோடையில் டெக்சாஸ் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். இங்கே காலை ஆறரைக்கு அங்கே முந்தின இரவு எட்டு. வண்டி ஏறிய கையோடு அப்பா அம்மாவிடம் பேசவைத்துவிட்டால், ராத்திரி படுக்கும்போது ஏங்க மாட்டார்கள். விபத்துக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033. மூன்றாவது ஆளின் போனிலும் இவை இருக்கட்டும்.

கடைசியாக, பாதியில் திரும்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன்பே டிரைவரின் முதலாளியிடம் பேசுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ், ராமேஸ்வரத்திலிருந்து சேது எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நாள் வாடகையைத் திரும்புகிற நாளோடு நிறுத்திக்கொள்வதா, பத்து நாளுக்கும் கேட்பாரா என்று முன்பணம் கொடுக்கிற அன்றே முடிவாகட்டும். பத்து நாளுக்கும் காசு வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர் வண்டியை எடுக்காதீர்கள், டி.எச். ரோட்டில் வேறு ஆள் கிடைப்பார்.